கடைக் கணக்கு கரையேறுமா?

திருகோணமலையின் பழைய கணினிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. அவற்றுக்குள் இருக்கும் கடன், சம்பளம், சேமலாபக் கணக்குகளை மீட்க முடியுமா? பெரும்பாலும் முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் அவசரப்பட்டுக் கை வைக்காமல் இருந்தால்.

காலை எட்டரை. உள்துறைமுக வீதியில் கடைக் கதவுகள் மேலே சுருள்கின்றன. சாமிப் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சளேறிய கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுழல்கிறது. உள்ளே இருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். கறுத்த திரையில் ஒரே ஒரு வரி: டிஸ்க் இல்லை. வாசலில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த வள்ளக்காரர் என்ஜின் சாமானுக்காகக் காத்து நிற்கிறார். தன் பழைய கடன் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டும். முதலாளி போனை எடுக்கிறார்.

"தம்பி, பெட்டி எழும்புதில்ல. கணக்கெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."

"பயப்பிடாதீங்க முதலாளி, கொண்டு வாங்க. ஃபோமட் பண்ணிப் புது விண்டோஸ் போட்டுத் தாறன்."

பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் துறைமுக நகரின் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு காலை விடியலாம். போனின் மறுமுனையில் இருப்பவர் நல்ல மனதோடுதான் பேசுகிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருபது வருடக் கணக்கு முழுவதும் அழிந்துபோகக்கூடும்.

பழைய கணினிகள் பற்றிய பேச்சு இப்போது ஊரில் அதிகம் அடிபடுவதற்குக் காரணங்கள் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய பெட்டிகளை மாற்றும் யோசனை எல்லாக் கடைகளிலும் எழுந்தது. அடுத்த மாதக் கடைசியில் டிட்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. மூதூர், வெருகல் பக்கமெல்லாம் மகாவலி வெள்ளத்தில் மூழ்கின. வீட்டுச் சாமான்களோடு கடைகளும் அலுவலகங்களும் நனைந்தன. மேசைக்குக் கீழே தரையில் வைத்திருந்த கணினிகளும்தான்.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

பழைய கணினி ஏன் சாகிறது? வயது ஒரு காரணம். ஆனால் கடலோர ஊரில் வேறு எதிரிகளும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் அடியில் பச்சை நிறச் சுற்றுப் பலகை ஒன்று இருக்கும். அதற்கும் உள்ளே இருக்கும் வாசிப்பு முனைக்கும் இடையே சிறிய உலோகத் தொடுபுள்ளிகள் உள்ளன. உப்பு ஈரம் அவற்றைக் கறுக்க வைக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் அந்தப் பலகையைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் புள்ளிகளைத் தேய்த்துத் துடைப்பார். செத்துப்போனதாகக் கருதிய டிஸ்க் சிலசமயம் அதிலேயே பேசத் தொடங்கிவிடும்.

இரண்டாவது எதிரி மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைச் சந்தித்தது. ஒரு பில்லை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், பழைய கணக்குக் கோப்பின் தலைப்பகுதி சரியாக மூடப்படாமல் நின்றுவிடும். அடுத்த நாள் மென்பொருள் அந்தக் கோப்பைத் தரவுக் கோப்பென்றே ஏற்காது. உள்ளே எல்லா வரிகளும் அப்படியே இருக்கும். தலைப்பில் எழுதப்பட்ட "மொத்தம் இத்தனை பதிவுகள்" என்ற எண் மட்டும்தான் பிழை. கோப்பின் மொத்த அளவிலிருந்து தலைப்பின் அளவைக் கழித்து, ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தால் சரியான எண் வந்துவிடும். அந்த நான்கு பைட்டுகளைத் திருத்தினால் கோப்பு திறந்துகொள்ளும். இந்தக் கணக்கு தெரியாததால் எத்தனை பேர் தங்கள் பேரேடு போய்விட்டது என்று நம்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மூன்றாவது, மதர்போர்ட்டில் காசு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டன் பற்றரி. அது தீர்ந்தால் கணினி திகதியை மறந்துவிடும். பழைய டாஸ் கணினிகள் 1980 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். கவனிக்காமல் பில் போட்டால், அன்றைய விற்பனை முழுவதும் 1980இல் பதிவாகும். பிறகு மாதக் கணக்கு எடுக்கும்போது அந்த விற்பனை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இன்னும் பழைய பெட்டிகளில், எந்த அளவு டிஸ்க் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் பற்றரியோடு சேர்ந்து மறந்துபோகும். டிஸ்க் நன்றாகவே இருக்கும். பெட்டிக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. சில நூறு ரூபாய்ப் பற்றரியும் சரியான எண்களும் போதும்.

முதலில் ஒரு பிரதி

தரவு மீட்பவர்கள் எல்லோருமே முதலில் சொல்வது ஒன்றுதான்: மூல டிஸ்க்கில் வேலை செய்யாதே. அதைக் கழற்றி வேறொரு கணினியில் வாசிப்புக்கு மட்டும் இணைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அப்படியே ஒரு பிரதி எடுக்க வேண்டும். பழைய டிஸ்க்குகளுக்கு நாற்பது ஊசித் துளைகள் கொண்ட அகலமான வயர். அதை யூ.எஸ்.பி.யாக மாற்றும் சின்னக் கருவி இன்றும் வாங்கக் கிடைக்கிறது. பிரதி எடுக்க ஜி.என்.யூ. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் அழகு அதன் பொறுமையில் இருக்கிறது. முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொள்ளும். பழுதான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றை மறுபடி முயலும். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் கடைசி மணித்துளிகள் வீணாகாமல் இருக்க இந்த ஒழுங்கு அவசியம்.

டக் டக் என்ற சத்தம் கேட்டால் அதற்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். வாசிப்பு முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் சத்தம் அது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் காந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படலாம். இந்த நிலையில் தூசியற்ற அறை உள்ள ஆய்வகம்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடாமல், குலுக்கல் படாதபடி மெத்தென்று சுற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஃபோமட் செய்து புது விண்டோஸ் போட்டால் என்ன நடக்கும்? வெறும் ஃபோமட் மட்டும் என்றால், விரைவு முறையில் செய்தது என்றால், தரவில் பெரும்பகுதி அடியில் இன்னும் இருக்கும். அதன் மேல் விண்டோஸின் ஆயிரக்கணக்கான கோப்புகள் எழுதப்படும்போதுதான் பழைய பேரேடு உண்மையாக அழிகிறது. எழுதியதற்கு மேல் எழுதிவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

பெட்டிச் செய்தி: வெள்ளத்தில் நனைந்த கணினி

• மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. "ஓடுதா பாப்பம்" என்ற ஒரு முயற்சியே டிஸ்க்கைக் கொன்றுவிடலாம்.

• வெயிலில் காய வைக்க வேண்டாம், ஹெயார் டிரையரும் வேண்டாம். சேறும் உப்பும் உள்ளே காய்ந்தால் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே காற்றுப் புகாத பையில் மூடி, மீட்பவரிடம் விரைவாகச் சேர்ப்பிக்க வேண்டும்.

• டிஸ்க்கின் மூடியைத் திறக்கவே கூடாது. அதில் காற்று போய்வரச் சின்னத் துவாரம் உண்டு. அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

• ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பது பழைய நம்பிக்கை. எங்கள் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த நிமிடமே தட்டில் நீர் படியும்.

தரவு வந்தது, மென்பொருள் எங்கே?

பாதிக் கிணறு தாண்டிய நிலை இது. கோப்புகள் கைக்கு வந்துவிட்டன. புதிய கணினியில் திறந்தால் திறக்கவில்லை.

1980களின் கடைசியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை நம் பக்கத்துக் கடைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களில் பல, டிபேஸ், ஃபொக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகிய பழைய தரவுத்தள மென்பொருள்களில் எழுதப்பட்டவை. எழுதிய இளைஞர் பிறகு கனடாவுக்கோ லண்டனுக்கோ போயிருப்பார். ஃபொக்ஸ்புரோவை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் கடைசிப் பதிப்புக்கான ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. இன்றைய 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்து 16 பிட் நிரலை இயக்கவே மறுக்கிறது. இயக்கினாலும் பழைய ஃபொக்ஸ்புரோ சில வேகமான கணினிகளில் "பூச்சியத்தால் வகுத்தல்" என்ற பிழையோடு நின்றுவிடும். காலக் கணக்கை அது தன் காலத்துக் கணினியின் வேகத்துக்கு ஏற்றபடி எழுதி வைத்திருந்தது.

இதற்கெல்லாம் வழி உண்டு. டாஸ்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் போலி செய்து தரும். பிரதி எடுத்த டிஸ்க்கை முழுவதுமாக ஒரு மெய்நிகர் கணினியாக எழுப்பவும் முடியும். பழைய பில் திரை, பழைய பாஸ்வேர்ட், எல்லாம் அப்படியே வரும். சிக்கல் வருவது பிரிண்டர் துவாரத்தில் குத்தியிருந்த சிறிய பூட்டுக் கருவியால். அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. பெட்டியைத் தூக்கி எறியும்போது பின்னால் ஒட்டியிருந்த அந்தச் சின்னத் துண்டையும் எறிந்தவர்கள் பிறகு தவித்திருக்கிறார்கள்.

மென்பொருள் முழுவதுமாகப் போனாலும் டிபேஸ் கோப்பு கைவிடாது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். அதில் பெயரும் தொகையும் வெறும் எழுத்தாகவே பதிந்திருக்கும். எக்செல், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றிலும் திறக்கலாம். இன்னொன்று: பழைய மென்பொருளில் ஒரு வரியை "அழித்தால்", அது உண்மையில் அழிவதில்லை. வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். கோப்பைச் சுருக்கும் கட்டளை கொடுக்கும் வரை அந்த வரி உள்ளேயே கிடக்கும். யாராவது கணக்கை மறைத்திருந்தாலும் சான்று மிச்சமிருக்கும்.

தரவு கையில் இருந்தும் அதை வாசிக்கும் கருவி இல்லாத நெருக்கடி நாசாவுக்கும் வந்தது. 1966, 1967இல் ஐந்து லூனார் ஒர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் படம் எடுத்து அனுப்பின. படங்கள் பதிந்த காந்த நாடாக்கள் பத்திரமாக இருந்தன. அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரங்கள் உலகில் அநேகமாக இல்லாமல் போயின. நாசாவின் முன்னாள் பணியாளர் ஒருவர் சில இயந்திரங்களைத் தன் இடத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்து வைத்திருந்ததால், 2008இல் கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் வைத்து அவற்றைச் சரிசெய்து படங்களை மீட்டார்கள். பழைய கருவியைப் பேணியவர் ஒருவர் இருந்ததால்தான் அந்தக் கதை நல்லபடி முடிந்தது.

ஜே, பி, யூ, என்...

தமிழில் எழுதிவைத்தவர்களுக்கு ஒரு சுவர் இதற்கு மேலும் நிற்கிறது. இலங்கையில் நீண்ட காலம் தமிழ்த் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். சங்கக் கூட்டக் குறிப்புகள், கோயில் கணக்கு, பாடசாலை விடுகைப் பத்திரம், வழக்கறிஞரின் உறுதி நகல், எல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் "திருகோணமலை" என்ற சொல் ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்று பத்து ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். மீட்டுக் கொடுத்த கோப்பைப் பார்த்து, வைரஸ் தின்றுவிட்டது என்று அழித்தவர்களும் இருக்கக்கூடும். எழுத்துருவைப் பதிந்தால் எழுத்து திரும்பி வரும். யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் நிறைய உள்ளன. தமிழ் யுனிகோடு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரமாக 2008இல் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னால் தட்டச்சிட்டவற்றை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் அமைப்புகள் இந்த வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது. ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்புகளில் மாற்றி தடுமாறும். ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குழப்பமாகிவிடும். மாற்றிய பின் ஒரு மனிதக் கண் வாசித்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

அரசாங்கத்துக்கே நடந்தது

சின்னக் கடைக்காரர் கவனக்குறைவானவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26இல் அரச நிறுவனங்களின் பொதுச் சேவையகமான லங்கா அரச மேகக்கணிமை மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச முகவரியில் இயங்கிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைப்பைச் சில மணி நேரத்தில் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குத் தனியாக வைத்த காப்புப் பிரதி இல்லை. இணையத்தோடு இணைந்தே இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. மூன்று மாதத்துக்கு மேலான அரச கடிதங்கள் போயின.

காரணம் கேட்டால் நம் கடைக்காரர் சொல்வதைப் போலவே இருக்கும். பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை அதே 2023 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. 2021 முதலே புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதிப் பற்றாக்குறையாலும் பழைய முடிவுகளாலும் தாமதமானது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் விளக்கியது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் இதே அரச மேகக்கணிமையிலிருந்து அழிந்து, விவகாரம் குற்றப் புலனாய்வு வரை போனது. ஒரு முறை பட்டபின்னும் பாடம் கற்காதது வருத்தத்துக்குரியது. அந்த விலையைச் செலுத்தியவர்கள் பொதுமக்கள்.

பெட்டிச் செய்தி: தென்கொரியாவில் ஒரு தீ

2025 செப்டெம்பர் 26. தேஜோன் நகரில் உள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் பற்றரி தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் முற்றாக எரிந்தது. அளவு 858 டெராபைட். மிகப் பெரியது என்ற காரணத்தால் வெளியே எங்கும் அதற்குப் பிரதி வைக்கப்படவில்லை.

யாருடைய இழப்பு?

கணினி நின்றால் கடைக்காரருக்கு நட்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் கடைக்காரரை விடச் சிறியவர்களின் காசு இருக்கிறது.

ஹாட்வெயார் கடையில் இருபது வருடம் சாமான் ஏற்றி இறக்கியவரை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். ஆண் என்றால் 55, பெண் என்றால் 50 வயதில் அந்தக் காசைக் கேட்கப் போவார். ஏதாவது வருடங்களில் பெயர் பிழையாகவோ அடையாள அட்டை எண் தவறாகவோ பதிந்திருந்தால், அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல்தான் சாட்சி. அது பழைய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி செத்துவிட்டால், முதலாளி நேர்மையானவராகவே இருந்தாலும், அவரால் சொல்ல முடிவது "நான் கட்டினேன் தம்பி" என்ற வாய்வார்த்தை மட்டுமே.

மீன்பிடியில் இது இன்னும் கூர்மை. முற்பணம் வாங்கி, வலையும் என்ஜினும் கடனுக்கு எடுத்து, பிடித்த மீனில் கழித்துக்கொண்டு போகும் கணக்கு அது. ஒரு பருவம் முழுக்க ஓடும். கொப்பியிலிருந்து கணினிக்கு மாறியபோது பல முதலாளிமார் கொப்பியை நிறுத்திவிட்டார்கள். கணக்கு தொலைந்தால் முதலாளி நினைவிலிருந்து ஒரு தொகை சொல்வார், மீனவர் நினைவிலிருந்து ஒரு தொகை சொல்வார். இருவரில் யார் குரல் ஓங்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கணக்கை மீட்பது இங்கே நியாயத்தை மீட்பது என்றே நான் கருதுகிறேன்.

வரியும் உண்டு. 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் கணக்குப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. "கணினி பழுது" என்ற பதில் திணைக்களத்தின் கேள்வியை நிறுத்திவிடாது.

இவை எல்லாவற்றையும் விட ஆழமான ஒரு காயம் இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது. 2004 டிசெம்பர் 26இல் சுனாமியாகக் கடல் ஏறியபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் வைத்தியசாலைகள் முதல் வீடுகள் வரை இருந்த காகிதமெல்லாம் போனது. 2006இல் சண்டை மூண்டபோது மூதூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்ப ஏறத்தாழ பத்து வருடம் காத்திருந்தார்கள். உறுதி, பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக மறுபடி நிரூபித்துக்கொண்டு வரிசையில் நின்ற தலைமுறை இது. காகிதம் இல்லாத மனிதன் எப்படி நடத்தப்படுவான் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் எஞ்சியிருக்கும் பதிவையும் ஒரு மஞ்சள் பெட்டியின் உயிரோடு கட்டி வைத்திருக்கிறோம்.

ஊருக்கு வெளியே ஒரு பிரதி

வெள்ளமும் கடலும் வந்த ஊரில், காப்புப் பிரதியைக் கடையின் மேல் தட்டில் வைப்பது போதாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது உலகம் ஏற்ற நடைமுறை. கண்டியில் இருக்கும் மகளிடமோ வவுனியாவில் இருக்கும் மைத்துனரிடமோ மாதம் ஒரு பென் டிரைவ் போய்ச் சேர்ந்தாலே பாதிப் பாரம் இறங்கும். அந்த வெளியூர்ப் பிரதி கணினியோடு இணைந்தே இருக்கக் கூடாது என்பதற்கு அரச மேகக்கணிமையின் கதையே சாட்சி. வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரதியைத் திறந்து, ஒரு பழைய பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். திறக்காத பிரதி பிரதியே அல்ல.

கடைக்காரர் தலையில் மட்டும் இதைச் சுமத்துவதும் நியாயமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அங்கோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ ஒரு மீட்பு மேசை வைக்கலாம். நாற்பது ஊசி இணைப்புள்ள பழைய கணினி ஒன்று, ஃபுளொப்பி வாசிக்கும் கருவி ஒன்று, விண்டோஸ் 98உம் எக்ஸ்பியும் ஓடும் பெட்டி, யூ.எஸ்.பி. மாற்றிகள், பாமினி முதலான பழைய எழுத்துருக்களின் தொகுப்பு: இவ்வளவுதான் தேவை. இவை இன்று யாரோ ஒருவர் வீட்டுக் களஞ்சிய அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. மாணவருக்கு அனுபவம், ஊருக்குப் பயன். வணிகர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வளாகத்தோடு பேசினால் ஒரு தவணைக்குள் தொடங்கக்கூடிய வேலை இது.

அதுவரை ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்காரரின் லொறி தெருவுக்கு வரும்போது பெட்டியை நிறைக்கு விற்றுவிடாதீர்கள். நான்கு திருகாணியைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். அதில் உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடனும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை யார் கையிலும் போக விடாமல் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்கிறது. பின்னால் பூட்டுக் கருவி குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரு உறையில் போட்டு, கடையின் பெயர், கணக்கு எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, மென்பொருளின் பெயர், பாஸ்வேர்ட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, பணம் வைக்கும் அலுமாரியில் பூட்டிவிடுங்கள். பிறகு வெறும் பெட்டியை விற்கலாம்.